போச்சா, வரலையா?

பகல் இரண்டு மணிக்கு வானம் திடீரென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. தையல்காரர் அப்போது ஒரு கால்சட்டையின் இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு வந்திருந்தார். ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடிய மனைவி பாதிப் படியிலேயே திரும்பி வந்து, "துணியெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு வாளி தேடப் போனாள். அடுத்த நிமிடம் கொட்டிய கொட்டில் எதிர்வீடு காணாமல் போனது. பிறகு ஓர் இடி இறங்கியது பாருங்கள், அலமாரியில் இருந்த நூல்கண்டுகள் அத்தனையும் உருண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. விளக்கு இரண்டு முறை மினுக்கியது. அப்புறம் தையல் மெஷின், மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

கரண்ட் போவது ஓர் அதிசயமா என்ன. வேறொரு நாளாக இருந்தால் தையல்காரர் இதுதான் சாக்கு என்று காலை நீட்டி ஒரு தூக்கம் போட்டிருப்பார். இன்று அதற்கு வழி இல்லை. கூடத்து மூலையில் ஒரு தெர்மக்கோல் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு பல்பு. பல்புக்குக் கீழே பன்னிரண்டு வாத்து முட்டைகள்.

பத்து வயது மகளின் இருபத்தேழு நாள் பாடு அது. அவளே பெட்டி செய்து, அவளே பல்பு மாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைத்து வளர்த்தது. அன்று காலை முட்டைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் வந்திருந்தது. இரண்டு முட்டைகளில் ஊசி முனை அளவுக்கு ஓடு விரிந்திருந்தது. பார்த்து வைத்தாற்போல அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்து இரண்டு நாள் சுற்றுலா. போகவே மாட்டேன் என்று அழுதவள், கடைசியில் அப்பாவின் தலையிலேயே அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பெட்டியின் மேல் சிவப்பு மையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: "சூடு குறையவே கூடாது. ரொம்ப நேரம் குறைந்தால் குஞ்சு போய்விடும். அப்பா தூங்கக் கூடாது."

"ஏங்க, பெட்டி ஆறுதுங்க" என்றாள் மனைவி.

"அதுக்கு நான் என்ன பண்ண? மேல ஏறி உக்காரட்டுமா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேணாம். ஆம்லெட்தான் மிஞ்சும்."

தையல்காரர் மின் வழங்கல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். பதிவு செய்த ஒரு குரல் தேன் ஒழுகப் பேசியது. "மின்சாரம் போயிருந்தால் ஒன்றை அழுத்தவும். மின்சாரம் வராமல் இருந்தால் இரண்டை அழுத்தவும்." அவர் சற்று யோசித்து ஒன்றை அழுத்தினார். "போன மின்சாரத்தைப் பற்றி நேரில் வந்து தெரிவிக்கவும்" என்றது குரல். மறுபடி போட்டு இரண்டை அழுத்தினார். "வராத மின்சாரத்துக்குக் காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. ஏழு நிமிடம் கேட்டார். நன்றாகத்தான் வாசித்தார்கள்.

அதற்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மனைவி, "அங்க பாருங்க" என்றாள். மூன்று தெரு தள்ளி அந்த அலுவலகம் மாடிக்கு மாடி விளக்கெரிய ஜெகஜோதியாக நின்றது. "ஊருக்கே இல்லாத கரண்ட் அங்க இருக்கு. முட்டையையும் தூக்கிட்டுப் போங்க. ஒரு பல்பு அடியில வெக்க இடம் குடுக்க மாட்டாங்களா?"

அடுப்பு கேஸ் அடுப்பு என்பதால் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. இரண்டு பாட்டிலில் வெந்நீர் நிரப்பிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் போர்வையால் சுற்றி, இருந்த ஒரே மழைக்கோட்டை அதற்குப் போட்டுவிட்டார்கள். தையல்காரர் நனைந்துகொண்டே கிளம்பினார். கழுத்தில் தொங்கிய அளவெடுக்கும் டேப்பைக் கழற்றி வைக்க மறந்தே போனார்.

அலுவலக வாசலில் பெரிய துணித் தட்டி: "தடையில்லா மின்சார வாரம்." உள்ளே பெஞ்சில் ஒரு லைன்மேன், சுவரில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் கயிறும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முழங்காலில் கிழிசலே இல்லை, பின்பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தையல்காரன் கண்ணுக்கு அது தப்புமா.

"எந்தப் பக்கம்?" என்றார் லைன்மேன்.

"மூணாவது தெருங்க."

"தெரியும். ஃப்யூஸ் போயிருக்கு. இடி நின்னா ரெண்டு நிமிஷ வேலை."

தையல்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்ப மழை விட்டதும் வர்றீங்களா?"

"வர்றேனே. பேப்பர் வரட்டும்." லைன்மேன் மோவாயால் இரண்டு ஜன்னல்களைக் காட்டினார். "எந்த ஜன்னல்னு அவங்க முடிவு பண்ணட்டும். நான் எங்க போகப் போறேன், பதினோரு வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன்."

முதல் ஜன்னலுக்கு மேலே "போன மின்சாரம்" என்று எழுதியிருந்தது. உள்ளே கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு குமாஸ்தா, நோட்டைத் திறந்துவைத்திருந்தார்.

"சார், எங்க வீட்ல கரண்ட் போச்சு சார்."

"போச்சா, வரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மனசு புண்பட்டுவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. "முப்பது வருஷமா இந்த ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்கு இங்க? இருந்தது கிளம்பினா அது போச்சு. வர வேண்டியது வராம இருந்தா அது வரல. போனதுக்கு நாங்க பொறுப்பு இல்ல, அதுதான் போயிடுச்சே. வராததுக்கும் பொறுப்பு இல்ல, அது இன்னும் எங்ககிட்டயே வரலையே. புரியுதா?"

"புரியுது சார்" என்றார் தையல்காரர், புரியாமல். "போச்சுன்னே எழுதிக்குங்க சார். கொஞ்சம் சீக்கிரம், முட்டை ஆறிடும்."

"எத்தனை மணிக்குப் போச்சு?"

"ரெண்டு மணிக்கு."

"போகும்போது வீட்ல யாரெல்லாம் இருந்தீங்க?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"சொல்லிட்டுப் போச்சா?"

"யாரு சார், கரண்டா?"

"ஆமா. முன்னறிவிப்பு ஏதாவது?"

தையல்காரர் உண்மையைப் பேசிப் பழகிய மனிதர். "ரெண்டு தடவை மினுக்கிச்சு சார். அப்புறம்தான் போச்சு."

கண்ணாடிக்காரர் எழுதிய மூன்று வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மினுக்கிச்சுன்னா என்ன அர்த்தம்? போச்சு, வந்துச்சு. போச்சு, வந்துச்சு. அப்புறம் போச்சு. மூணு தடவை போயிருக்கு, ரெண்டு தடவை வந்திருக்கு. அந்த ரெண்டு தடவைக்கு நீங்கதான் எங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் தரணும். மூணாவது தடவை வரல. வராதது ரெண்டாம் ஜன்னல்."

இரண்டாம் ஜன்னலில் சால்வை போர்த்திய ஓர் அம்மா இருந்தார். மேஜைமேல் ஒரு குண்டு பல்பு விளக்கு, பார்க்கவே இதமாக எரிந்துகொண்டிருந்தது. தையல்காரரின் கண் அதைவிட்டு நகரவில்லை.

"கரண்ட் வரும்னு எதிர்பார்த்தீங்களா?" என்று சால்வைக்காரம்மா கேட்டார்.

"எதிர்பார்த்தேங்க."

"எழுத்து மூலமா எதிர்பார்த்தீங்களா?"

"இல்லீங்க, சும்மா மனசுக்குள்ளதான்."

"மனசுக்குள்ள எதிர்பார்த்ததெல்லாம் வரலைன்னு எழுத ஆரம்பிச்சா, என் வீட்டுக் கதையை நான் எங்க போய் எழுதறது?" அந்த அம்மா பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். "அது என்னங்க?"

தையல்காரர் போர்வையை விலக்கிக் காட்டினார். மகள், சுற்றுலா, சத்தியம், சிவப்பு மை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "உங்க விளக்கு அடியில கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமாம்மா? ஒரு ஓரமா."

சால்வைக்காரம்மாவின் முகம் இளகிவிட்டது. கை மட்டும் விளக்கைத் தன் பக்கம் நகர்த்தியது. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. ஆனா இந்த விளக்கை வெளிச்சத்துக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க, சூட்டுக்கு ஒதுக்கல. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா வெச்சுக்கலாம். வாங்க, மாடியில விழா நடக்குது."

மாடிக் கூட்ட அறையில் திரைச்சீலைகளை இழுத்து மூடி, விளக்குகளைப் போட்டு, ஊழியர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரரும் நோட்டோடு பின்னாலேயே வந்து ஒரு நாற்காலி பிடித்தார். மேடையில் பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்திருந்தார். நாற்பத்தாறு அங்குல இடுப்பு, அதன் மேல் நாற்பத்திரண்டுக்குத் தைத்த கோட்டு. எவனோ துணியைத் திருடியிருக்கிறான் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, கடந்த ஓராண்டில் நமது எல்லைக்குள் ஒரேயொரு மின்தடைகூடப் பதிவாகவில்லை" என்று அதிகாரி முழங்கினார். கைதட்டல். "பதினான்காயிரம் பேர் மின்தடை, மின்தடை என்று நம்மைத் தேடி வந்தார்கள். ஒருவரையாவது நாம் வெறுங்கையோடு அனுப்பினோமா? இல்லை. அது மின்தடை அல்ல என்று புரியவைத்து அனுப்பினோம். இருட்டாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இருட்டு நமது இலாகா அல்ல, நண்பர்களே. சூரியன் தினமும் மாலையில் போகிறது. யாராவது புகார் கொடுக்கிறார்களா? நம்மிடம் மட்டும் ஏன் இந்தப் பாரபட்சம்? நமது கம்பங்களைப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது நிமிர்ந்து நிற்கின்றன. இல்லாதபோதும் அதே போல நிமிர்ந்து நிற்கின்றன. அந்த மன உறுதியைத்தான் நான் ஒவ்வோர் ஊழியரிடமும்..."

கட்டடத்தின் மேலேயே விழுந்தது போல ஓர் இடி. அறை கும்மிருட்டானது. மைக் செத்ததும் அதிகாரியின் சொந்தக் குரல் வெளியே வந்தது. அது ரொம்பச் சின்னக் குரலாக இருந்தது.

"அய்யய்யோ, கரண்ட் போச்சு."

பிறகு இருட்டுக்குள் ஒரு நோட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"போச்சா சார், வரலையா சார்?"

"யோவ், நான்யா பேசறேன்."

"தெரியுது சார். எத்தனை மணிக்கு சார்?" கண்ணாடிக்காரர் வேண்டுமென்று கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகவே போகிறது. "மினுக்கிச்சா சார்?"

"ஜெனரேட்டரைப் போடுங்கய்யா முதல்ல."

"போடலாம் சார். மின்தடை ஏற்பட்டால் மட்டுமே ஜெனரேட்டரை இயக்கலாம்னு விதி. மின்தடைன்னு நீங்க ஒரு கையெழுத்து போடணும் சார்."

யாரோ திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கினார்கள். அதிகாரி தன் தலைக்கு மேலேயும் தொங்கிய "தடையில்லா மின்சார வாரம்" தட்டியை அண்ணாந்து பார்த்தார். "எப்படிய்யா போடறது? வாரம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கே. எல்லாரும் அப்படியே உக்காருங்க. இது விழாவோட ஒரு பகுதின்னு வெச்சுக்கலாம்."

தையல்காரர் பெட்டிக்குள் கையை விட்டார். வெந்நீர் பாட்டில்கள் தண்ணீர் பாட்டில்களாகியிருந்தன. முட்டைகளைத் தொட்டார். காலையில் அதிகமாகச் சத்தம் போட்ட முட்டை, ஓடு விரிந்திருந்த முட்டை, இப்போது கம்மென்று கிடந்தது. நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்து பெட்டிக்கு முன்னால் உட்காரும்போது தன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஆயுசில் ஓர் அதிகாரியிடமும் குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு உயர்த்தினார்.

"சார், உங்க வாரம் அடுத்த வருஷமும் வரும். இந்தக் குஞ்சுங்க இப்ப விட்டா போயிடும் சார்."

சால்வைக்காரம்மாதான் முதலில் எழுந்து வந்தார். "சால்வை என் சொந்தக் காசுல வாங்கினது. இதுக்கு யார் உத்தரவும் வேணாம்" என்று இரண்டு முட்டைகளை எடுத்து மடியில் சுற்றிக்கொண்டார். கண்ணாடிக்காரர் இரண்டை வாங்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, நோட்டை மேலே அணைத்துப் பிடித்தார். அதற்கப்புறம் வரிசையே எழுந்துவிட்டது. ஒருவர் தொப்பிக்குள் வைத்தார், ஒருவர் அக்குளில் வைத்தார். கூச்சம் தாங்காமல் அவர் நெளிந்ததைப் பார்த்து இருட்டில் நாலு பேர் சிரித்தார்கள்.

மிஞ்சியது ஒன்று, அந்தச் சத்தமில்லாத முட்டை. தையல்காரர் தன் நனைந்த சட்டையைப் பார்த்தார். அதற்குள் வைத்தால் ஐஸ் பெட்டிதான். அவர் மேடைக்குப் போனார். இந்த அறையிலேயே காய்ந்த, கொழுத்த, சூடான இடம் எது என்று கண்ணாலேயே அளந்தாயிற்று.

"சார், கையைக் கொஞ்சம் தூக்குங்க."

அதிகாரி தூக்கினார். கழுத்தில் டேப் தொங்குகிற ஆள் கையைத் தூக்கச் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"மூச்சை விடுங்க. வயித்தை எக்காதீங்க, இயல்பா விடுங்க. அவ்வளவுதான்." கோட்டின் உள்பாக்கெட்டில் முட்டையை இறக்கி, பொத்தானைப் போட்டுவிட்டார்.

"என்னய்யா வெச்சே?"

"முட்டை சார். அசையாதீங்க, தையல் விட்டுடும்."

அதிகாரி அசையவில்லை. மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ முட்டையும் அதற்குக் குறையாத கவலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏறக்குறைய அரைமணி நேரம் அந்த அலுவலகம் வேலை செய்தது. அதன் சரித்திரத்திலேயே அது பெரிய சாதனை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

திடீரென்று அதிகாரி, "கொத்துது" என்றார்.

"எங்க சார்?"

"இங்கய்யா, நெஞ்சுல. மறுபடியும் கொத்துது." பொத்தானைத் தானே கழற்றினார். பாக்கெட்டின் விளிம்பில் ஓட்டுத் துண்டு ஒன்று ஒட்டியிருக்க, ஈரத் தலை ஒன்று வெளியே வந்து, கண்ணைத் திறந்து, முதல் காரியமாக அவர் முகத்தைப் பார்த்தது. அதிகாரியும் அதைப் பார்த்தார். பேசத் தயாராக எப்போதும் திறந்திருக்கும் வாய், திறந்தபடியே நின்றுவிட்டது.

"நடுங்குதே" என்றார் கடைசியில். "இதுக்குக் குளிருதுய்யா. விளக்கு வேணும். ஏம்ப்பா லைன்மேன், எவ்வளவு நேரம் ஆகும்?"

கதவோரம் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன், "இடி நின்னுடுச்சு சார். வாசல் கம்பத்துல ஒரு ஃப்யூஸ், மூணாவது தெருவுல ஒரு ஃப்யூஸ். ரெண்டும் சேர்ந்து அஞ்சு நிமிஷம். பேப்பர் வரட்டும்னு இருக்கேன்" என்றார்.

"குடுய்யா அந்த நோட்டை" என்றார் அதிகாரி.

"எந்தப் பிரிவுல சார்? போனதுலயா, வராததுலயா?"

அதிகாரி நோட்டைப் பிடுங்கி, மடியில் வைத்து, பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் 'மின்தடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் அந்தச் சொல்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பது வருடத்தில் அதை எழுத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. லைன்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவர் ஓடுகிற ஓட்டமாகவே அது இல்லை.

விளக்கு வந்தது. சால்வைக்காரம்மா தன் மேஜை விளக்கை மாடிக்கே எடுத்து வந்துவிட்டார். அதன் அடியில் முட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, கீச் கீச் சத்தமும் திரும்பி வந்தது. குஞ்சை மட்டும் விளக்கடியில் விட்டால் நிற்கவில்லை. கொஞ்சம் காய்ந்து கால் ஊன்றியதும் தள்ளாடித் தள்ளாடி அதிகாரியின் செருப்பைத் தேடி வந்தது. மூன்று தடவை தூக்கிப் பெட்டியில் விட்டார்கள். மூன்று தடவையும் அவர் நாலடி தள்ளிப் போனதும் ஊரைக் கூட்டிவிட்டது.

"வாத்து அப்படித்தான் சார், கண்ணைத் திறந்ததும் யாரைப் பாக்குதோ அவங்கதான் அம்மா. எங்க பொண்ணு சொல்லும்" என்றார் தையல்காரர்.

கண்ணாடிக்காரர் நோட்டோடு வந்தார். "சார், இதை எதுல எழுதறது? போனதுலயா, வராததுலயா?"

"வந்திருக்குய்யா" என்றார் அதிகாரி, குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டே. "இந்த ஆபீஸுக்குன்னு முதல் தடவையா ஒண்ணு வந்திருக்கு. அதுக்கு ஒரு பக்கம் போடு." பிறகு தையல்காரரை ஓரமாகக் கூப்பிட்டார். "உங்ககிட்ட ஒரு கோட்டுக்கு அளவு குடுக்கணும். உள்பாக்கெட் கொஞ்சம் ஆழமா, காத்து போற மாதிரி."

"நாற்பத்தாறு சார். ஏற்கெனவே எடுத்துட்டேன்."

பதினொரு முட்டைகளோடு அவர் வீட்டுக்கு வந்தபோது எல்லா விளக்கும் எரிந்தது. மனைவி கட்டிலுக்கடியிலிருந்து நூல்கண்டுகளைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் பதினொன்றும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்துவிட்டன. வீடு முழுக்க ஒரே இரைச்சல்.

சாயங்காலம் மகள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, தெர்மக்கோல் பெட்டிக்கு முன்னால் அப்படியே மண்டி போட்டாள். ஒவ்வொன்றின் தலையிலும் விரலை வைத்து எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடி எண்ணினாள். பெட்டியின் மூலையில், போர்வைக்கடியில், பல்புக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். அப்புறம் மெதுவாகத் திரும்பினாள், உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஒண்ணு குறையுது. அது... போச்சா?"

தையல்காரருக்கு அந்த முதல் ஜன்னல் ஞாபகம் வந்தது. முந்தின நாள் அந்தக் கண்ணாடிக்காரரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. மகளைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"போகலம்மா" என்றார். "வரல, அவ்வளவுதான்."